காதருகே ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம்

தெருவில் செல்போன் டவர் எழும்பப் போகிறது என்ற சேதி பரவினால், அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு நிச்சயம். தமிழ்நாட்டில் எந்த ஊர் மனுவைப் படித்தாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: குழந்தைகள் இருக்கிறார்கள், கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, கதிர்வீச்சால் புற்றுநோய் வரும். கையெழுத்துப் போடுகிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே வருகிறது. அதை நிறுவியவர்கள் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், கவனிக்க வேண்டிய பொருள் மாடியில் நிற்கும் டவர் இல்லை, காதில் ஒட்டியிருக்கும் செல்போன்தான் என்று தெரியும். முப்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் பெரிதும் தோண்டித் துருவியதும் அதைத்தான்.

முதலில் அந்த அலையைப் பார்ப்போம். செல்போன் அனுப்புவதும் வாங்குவதும் மின்காந்த அலை. வெளிச்சமும் அதே இனம், எக்ஸ் கதிரும் அதே இனம், பழைய மர்ஃபி ரேடியோ பிடித்ததும் அதே இனம். வேறுபாடு அதிர்வெண்ணில் இருக்கிறது. நம் செல்போன்கள் 700 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை பல அலைவரிசைகளில் இயங்குகின்றன; 5ஜிக்காக 26 கிகாஹெர்ட்ஸும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அலையின் ஆற்றல் ஃபோட்டான் என்னும் துணுக்குகளாக வந்து சேர்கிறது. 1800 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல், ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. டி.என்.ஏ. மூலக்கூறின் உறுதியான வேதிப் பிணைப்பு ஒன்றை உடைக்க மூன்று, நான்கு எலக்ட்ரான் வோல்ட் தேவை. எக்ஸ் கதிரின் ஒரு ஃபோட்டானில் அது ஆயிரக்கணக்கில் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரிலும் போதுமான அளவு இருப்பதால்தான் அது தோல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. செல்போன் அலை அந்த வாசலுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை.

ஒரு ஃபோட்டானால் முடியாவிட்டால் என்ன, கோடிக்கணக்கில் சேர்ந்து வந்தால் உடைக்காதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1905-இல் ஐன்ஸ்டைன் ஒளிமின் விளைவை விளக்கியபோது பதில் சொன்னது ஏறக்குறைய இந்தக் கேள்விக்குத்தான்: பலவீனமான ஃபோட்டான்கள் எத்தனை வந்தாலும் பலமான ஒன்றின் வேலையைச் செய்ய மாட்டா. உடல் வெப்பத்தில் நம் மூலக்கூறுகள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன. அந்த மோதலின் சராசரி ஆற்றலே செல்போன் ஃபோட்டானைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல். அதைத் தாங்குகிற டி.என்.ஏ.வை இந்த அலை நேரடியாக முறிக்க வழியில்லை.

அப்படியானால் அந்த ஆற்றல் உடம்பில் என்னதான் செய்கிறது? சூடாக்குகிறது. திசுக்களில் உள்ள நீர் மூலக்கூறுகள் அலைக்கு ஏற்பத் திரும்பப் பார்க்கும். அந்த உராய்வு வெப்பமாக மாறும். மைக்ரோவேவ் அடுப்பில் நடப்பதும் இதுதான். ஆனால் அந்த அடுப்பு மூடிய இரும்புப் பெட்டிக்குள் 800 வாட் வரை பாய்ச்சுகிறது. 4ஜி செல்போன் ஒன்றின் உச்ச வலிமை ஏறத்தாழ 0.2 வாட். 2008-இல் சில செல்போன்களை மேசையில் வைத்து, நடுவில் சோளத்தைப் பொரியவைக்கும் காணொளி ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. அது ஒரு ஹெட்செட் நிறுவனத்தின் விளம்பரத் தந்திரம். சோளம் பொரிய 180 டிகிரி வெப்பம் வேண்டும். இந்தக் கால் வாட்களைக் கூட்டி அந்த உயரத்துக்குப் போக முடியாது.

உடம்பு ஏற்கும் ஆற்றலை அளக்கும் அளவையை ஸார் என்கிறார்கள். ஒரு கிலோ திசு எத்தனை வாட்டை உள்வாங்குகிறது என்பதே அதன் பொருள். இந்தியாவில் 2012 செப்டம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிப்படி, எந்த ஒரு கிராம் திசுவை எடுத்தாலும் சராசரி 1.6-ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் வரம்பும் இதுவே. ஐரோப்பா பத்து கிராம் திசுவுக்குச் சராசரியாக 2 என்று வைத்திருக்கிறது. செல்போனில் *#07# என்று அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான கருவிகள் தங்கள் ஸார் எண்ணைத் திரையில் காட்டும். இந்த 1.6 பெரிதா, சிறிதா? மூளையோடு ஒப்பிட்டே சொல்லலாம். உடம்பு ஓய்வில் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. ஒன்றரைக் கிலோகூட இல்லாத உறுப்பு, 15 வாட்டுக்கு மேல் தானே வெப்பமாக உமிழ்கிறது. கிலோவுக்கு 10 வாட்டைத் தாண்டும் அந்தச் சூட்டை ரத்தம் ஓடி ஓடி வெளியே எடுத்துச் செல்கிறது. செல்போன் தன் உச்சத்தில் சேர்ப்பது, ஒரு சிறு பகுதிக்கு மட்டும், அதில் ஆறில் ஒரு பங்கு அளவு. மூளையில் ஏறும் வெப்பம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. நீண்ட நேரம் பேசினால் காது சுடுவதற்குப் பெரும் காரணம், பேட்டரிச் சூடும் காதுமடலைக் காற்றுப் படாமல் மூடிவிடுவதும்.

வரம்பு என்பது ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைவரிசை முகமை, கையில் பிடித்தபடியும் கால்சட்டைப் பையில் வைத்தபடியும் ஐபோன் 12-ஐச் சோதித்தது. கை கால்களுக்கான வரம்பு 4. கிடைத்த அளவு 5.74. விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுவனம் மென்பொருளைத் திருத்திய பிறகே மறுபடி அனுமதித்தார்கள். கடையில் விற்கும் கருவியை அரசாங்கம் வாங்கிப் பிரித்து அளந்து பார்ப்பது இப்படித்தான் நடக்க வேண்டும். நம் நாட்டிலும் அடிக்கடி நடந்து, முடிவுகள் பெயரோடு வெளிவர வேண்டும் என்பது என் ஆசை.

இனி டவர். எந்த அலையும் தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகவும், பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகவும் மெலியும். டவர் ஆன்டெனா தன் ஆற்றலைப் பக்கவாட்டில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வீசுகிறது. அதனால் டவருக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் அளவு குறைவாகவே இருக்கும். கவனிக்க வேண்டிய இடம் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், நெருக்கமாக இருக்கும் மாடி. எதிர்க் கட்டடத்துக்கு இத்தனை மீட்டர் இடைவெளி என்ற விதி இருப்பது அதற்காகத்தான். மனு எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கேட்டு எழுதினால் பயன் அதிகம்.

2012-இல் இந்தியா டவர் கதிர்வீச்சு வரம்பைப் பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அந்த உச்ச அளவு அலையில் நிற்பதாகவும், தன் மேல் படுவது அத்தனையையும் அவர் உடம்பு உறிஞ்சுவதாகவும் வைத்துக்கொள்வோம். உடம்பின் முன்பரப்பு 0.7 சதுர மீட்டர் என்றால், உள்ளே போவது 0.3 வாட். கிலோவுக்குப் பங்கு வைத்தால் 0.0045. காதில் வைத்த செல்போனுக்குத் தலையின் ஓரத்தில் அனுமதிக்கப்பட்ட உச்சமோ 1.6. முந்நூற்றைம்பது மடங்கு வித்தியாசம். வீடுகளுக்குள் உண்மையில் அளந்தால் டவரின் பங்கு அந்த வரம்பைவிடப் பல மடங்கு கீழே இருப்பதே வழக்கம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. செல்போன் எப்போதும் ஒரே வலிமையில் பேசுவதில்லை. வயலுக்கு அப்பால் இருப்பவரைக் கூப்பிடக் குரலை உயர்த்துவதும், திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் தணிந்து பேசுவதும் போல, டவர் தொலைவில் இருந்தால் அது தன் வலிமையைக் கூட்டும், பக்கத்தில் இருந்தால் குறைக்கும். 3ஜி வந்த பிறகு, நல்ல சிக்னலில் பேசும்போது செல்போன்கள் உச்ச வலிமையில் நூறில் ஒரு பங்கு அளவிலேயே ஒலிபரப்புகின்றன என்று அளந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பழைய 2ஜி கருவிகளோ 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை துடிப்புகளாக வீசின. சராசரியாகவே கால் வாட். ஆகவே தெருவிலிருந்து டவரை விரட்டிவிட்டால், அந்தத் தெருவில் இருக்கும் ஒவ்வொரு செல்போனும் இன்னும் தொலைவில் உள்ள டவரை எட்டப் பாடுபடும். தலைக்குள் போகும் கதிர்வீச்சு அதனால் கூடுகிறது.

டவர் என்றதும் சிட்டுக்குருவி நினைவு வரும். 2018-இல் வந்த ஷங்கரின் '2.0' படம் பறவைகளின் அழிவுக்குச் செல்போன் அலைகளைக் காரணம் காட்டியது. அந்தப் படத்துக்குப் பின் நம் வீடுகளில் அது ஐயமற்ற உண்மைபோல ஆகிவிட்டது. பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் 1970-களின் பிற்பகுதியிலேயே வேகமாகக் குறையத் தொடங்கின. அப்போது அங்கே செல்போனே கிடையாது. 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு தழுவிய அளவில் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருப்பதாகவும், பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் சொன்னது. கூடு கட்ட ஓட்டு வீட்டு இடுக்கு இல்லை, குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லை, முற்றத்தில் சிந்தும் தானியம் இல்லை. குருவியின் மேல் அக்கறை உள்ளவர்கள் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

சரி, இயற்பியல் தீர்ப்புச் சொல்லிவிட்டது, வழக்கை மூடிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. டி.என்.ஏ.வை நேரடியாக உடைக்காமலே புற்றுநோயைத் தூண்டும் பொருள்கள் உண்டு. உயிரணுவுக்குள் நடப்பதெல்லாம் நமக்கு முழுதாகத் தெரிந்துவிட்டது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. நோரா வால்கோ என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2011-இல் 47 பேரின் தலையில் செல்போனைப் பொருத்தி, ஒலியை அடைத்து, ஐம்பது நிமிடம் இயக்கினார்கள். ஆன்டெனாவுக்கு அருகில் உள்ள மூளைப் பகுதி வழக்கத்தைவிட ஏழு சதவீதம் அதிகமாகக் குளுக்கோஸை எடுத்துக்கொண்டது. அதனால் நன்மையா, தீமையா என்று அவர்கள் சொல்லவில்லை. ஏதோ ஒரு பதில்வினை இருக்கிறது என்றால், மனிதர்களைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பயம் பொதுவெளிக்கு வந்தது 1993 ஜனவரியில். மனைவியை மூளைக் கட்டிக்குப் பறிகொடுத்த புளோரிடாக்காரர் ஒருவர், செல்போனே காரணம் என்று வழக்குத் தொடுத்துவிட்டு, லாரி கிங்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்து பேசினார். செல்போன் நிறுவனங்களின் பங்குவிலை சரிந்தது. வழக்கு பின்னர் ஆதாரம் போதாது என்று தள்ளுபடியானது. ஆனால் கேள்வி நிலைத்துவிட்டது, நிலைத்தது நல்லதே. அதற்குப் பதில் தேடித்தான் 13 நாடுகள் சேர்ந்து இன்டர்போன் என்ற பெரிய ஆய்வைத் தொடங்கின.

அந்த ஆய்வின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றுவரை நடக்கும் வாக்குவாதத்தின் வேர் அங்கே இருக்கிறது. மூளைக் கட்டி அரிதான நோய். ஒரு லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தாலும் சில டஜன் பேருக்கே வரும். அதனால் இன்டர்போன் குழு எதிர்த்திசையில் போனது. நோய் வந்தவர்களை முதலில் தேடிப் பிடித்தது. க்ளியோமா என்னும் கட்டி உள்ளவர்கள் 2,708 பேர், மெனிஞ்சியோமா உள்ளவர்கள் 2,409 பேர். அவர்களையும், நோய் இல்லாத அதே வயதினரையும் கேட்டது: பத்தாண்டுக்கு முன் நாளுக்கு எத்தனை நிமிடம் பேசினீர்கள்? எந்தக் காதில்?

2010-இல் முடிவு வந்தது. வழக்கமாகச் செல்போன் பேசியவர்களுக்கு க்ளியோமா ஆபத்து, பேசாதவர்களைவிட 19 சதவீதம் குறைவு! செல்போன் மூளையைக் காக்கிறது என்று பொருளா? ஆய்வாளர்களே அதை நம்பவில்லை. செல்போன் பயன்படுத்தாத, உடல்நலம் உள்ளவர்கள் பலர் ஆய்வுக்கு வர மறுத்துவிட்டதால் ஒப்பீடு கோணலாகியிருக்கலாம் என்றார்கள். இன்னொரு பக்கம், வாழ்நாளில் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்ன உச்சப் பத்து சதவீதத்தினருக்கு ஆபத்து 40 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினேன் என்றவர்களும் இருந்தார்கள். தலையில் கட்டி இருக்கிறது என்று தெரிந்த மனிதர், ஏன் எனக்கு என்று இரவெல்லாம் யோசித்தவர், தன் பேச்சு நேரத்தைக் கூட்டிச் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்யும். முதல் எண்ணை நம்ப முடியாது என்றால் இரண்டாவதையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுகிறவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள்.

இந்த 40 சதவீதமும், ஸ்வீடனில் லென்னார்ட் ஹார்டெல் குழு தொடர்ந்து சொல்லிவந்த உயர்ந்த எண்களும் சேர்ந்து 2011 மே மாதம் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மேசைக்கு வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமான அந்த முகமை கூட்டிய 31 விஞ்ஞானிகள், ரேடியோ அலைகளை '2பி' வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில், வைத்தார்கள். மறுநாள் செய்தித்தாள்கள் எழுதியதைப் பார்த்தவர்கள் செல்போனால் புற்றுநோய் வருவது உறுதியாகிவிட்டது என்றே எண்ணினார்கள். அந்த வகுப்புகள் சொல்வது ஆதாரத்தின் உறுதியைப் பற்றி. ஆபத்தின் அளவைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. கற்றாழை இலை முழுச்சாறும் அதே 2பி-யில் இருக்கிறது. நம் பந்தியில் தாராளமாகப் பரிமாறும் ஒரு பொருள் முதல் வகுப்பில், ஐயத்துக்கு இடமின்றிப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற பட்டியலில், இருக்கிறது: பாக்கு. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் அதில் சேர்த்தி. வாய்ப்புற்றுநோய் நம் நாட்டில் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்று புற்றுநோய் மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்தப் பாக்குக்கு எதிராக ஒரு மனுவையும் நான் இதுவரை படித்ததில்லை.

நினைவை நம்பாத ஆய்வுகள் பிறகு வந்தன. டென்மார்க்கில் 3,58,403 சந்தாதாரர்களின் பட்டியலைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்துப் பார்த்தார்கள். 2011-இல் வெளியான முடிவில் கட்டி கூடவில்லை. அந்த ஆய்விலும் ஓட்டை உண்டு. அலுவலகப் பெயரில் செல்போன் வைத்து அதிகம் பேசியவர்கள் பயன்படுத்தாதவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். பிரிட்டனில் 7.76 லட்சம் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2022-இல் வந்தது. செல்போன் வைத்திருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வேறுபாடில்லை. ஐரோப்பிய நாடுகளின் காஸ்மாஸ் ஆய்வு 2024-இல் 2.64 லட்சம் பேரின் கணக்கைத் தந்தது. அதிலும் அதிகம் பேசியவர்களிடம் க்ளியோமா கூடவில்லை. இளைஞர்களைத் தனியாகப் பார்த்த மோபி-கிட்ஸ் ஆய்வில் இந்தியா உட்பட 14 நாடுகள் கலந்துகொண்டன. 10 முதல் 24 வயது வரையிலானவர்களிடமும் தொடர்பு தென்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் தலைமையில் 63 ஆய்வுகளைச் சலித்தெடுத்த 2024-ஆம் ஆண்டு மதிப்பாய்வும் அதையே சொன்னது.

இவை அனைத்தையும்விட என்னை நம்பவைப்பது ஓர் எளிய கணக்கு. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளில் புற்றுநோய்ப் பதிவேடு பல பத்தாண்டுகளாகக் கச்சிதமாகப் பராமரிக்கப்படுகிறது. அங்கே செல்போன் சீக்கிரமே வந்தது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லோர் கைக்கும் போனது. ஹார்டெல் சொன்ன அளவுக்கு ஆபத்து இருந்திருந்தால் க்ளியோமாவின் வரைகோடு செங்குத்தாக எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. அமெரிக்காவிலும் இல்லை. சிகரெட் பரவி இருபது முப்பது ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய்க் கோடு எப்படி ஏறியது என்பதை நாம் அறிவோம்.

எலிகளின் சாட்சியம் வேறுவிதம். அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் சுமார் 3 கோடி டாலர் செலவில், எலிகளைக் கருவிலிருந்து இரண்டு ஆண்டு வரை 2ஜி, 3ஜி அலைகளில் வளர்த்தது. நாளுக்கு ஒன்பது மணி நேரம், உடம்பு முழுவதும், கிலோவுக்கு 6 வாட் வரை. 2018-இல் இறுதி அறிக்கை வந்தது: ஆண் எலிகளின் இதயத்தில் ஷ்வானோமா என்னும் அரிய கட்டி, உச்ச அளவு பெற்றவற்றில் நூற்றுக்கு ஐந்தாறுக்கு. பெண் எலிகளில் அப்படித் தெளிவாக இல்லை, சுண்டெலிகளிலும் இல்லை. கதிர்வீச்சு பெற்ற ஆண் எலிகள், பெறாதவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன என்பது இன்னொரு புதிர். கட்டி முதுமையில் வருவதால், அதிக நாள் வாழ்ந்ததே கட்டி கூடத் தெரிந்ததற்கு ஒரு காரணமோ என்ற ஐயமும் எழுந்தது. அதே ஆண்டு இத்தாலியின் பொலோன்யாவில் ரமாஸ்ஸினி நிறுவனமும் ஆண் எலிகளின் இதயத்தில் அதே வகைக் கட்டியைக் கண்டது. அதுவும் மிகக் குறைந்த அளவில். 2025-இல் வந்த விலங்காய்வு மதிப்பாய்வு ஒன்று இந்த ஆதாரத்தை உறுதியானது என்று மதிப்பிட்டது. வேறு விஞ்ஞானிகள் கடுமையாக மறுத்தார்கள். எலியை முழு உடம்பாக வாட்டிய அளவு நம் தலைக்கு வருவதில்லை என்பது உண்மை. ஆனாலும் இரண்டு நாடுகளில் ஒரே இடத்தில் ஒரே கட்டி என்பதைத் தற்செயல் என்று நான் தள்ளிவிட மாட்டேன். புற்றுநோய் முகமை இந்த விஷயத்தை மறுபடி மதிப்பிடுவதை முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருப்பதற்கு இந்த எலிகளும் ஒரு காரணம்.

ஆண் மலட்டுத்தன்மை பற்றிய கவலை இளைஞர்களிடம் அதிகம்; வெளியே கேட்கக் கூச்சப்படுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் 2005 முதல் 2018 வரை, 18 முதல் 22 வயதுள்ள 2,886 ஆண்களைச் சோதித்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நாளுக்கு இருபது முறைக்கு மேல் செல்போனை எடுத்தவர்களிடம் விந்தணு அடர்த்தி சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் கால்சட்டைப் பையில் வைத்தவர்களுக்கும், வேறு இடத்தில் வைத்தவர்களுக்கும் வேறுபாடு இல்லை. 2ஜி போய் 4ஜி வர வர அந்தத் தொடர்பும் தேய்ந்தது. உட்கார்ந்தே இருப்பது, தூக்கக் குறைவு, புகை என்று வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். பையில் வைத்ததால் குழந்தை பிறக்காது என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை.

செல்போன் அலை பட்டாலே தலைவலிக்கிறது, தோல் எரிகிறது, தூக்கம் போகிறது என்று சொல்லும் மனிதர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் வேதனை உண்மை. சிலர் வேலையை, வீட்டை விட்டுவிட்டு அலை எட்டாத இடம் தேடிப் போயிருக்கிறார்கள். அவர்களை அறையில் உட்கார வைத்து, அலை இயங்குகிறதா, இல்லையா என்று அவர்களுக்கும் சோதிப்பவருக்கும் தெரியாதபடி நடத்திய டஜன் கணக்கான சோதனைகளை லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ரூபின் குழு தொகுத்தது. அலை இருப்பதை அவர்களால் உணர முடியவில்லை. இயங்குகிறது என்று நினைத்தபோது, இயங்காவிட்டாலும், வலி வந்தது. மருந்தில்லா மாத்திரை நம்பிக்கையால் நோயைத் தணிப்பதற்கு இது மறுபக்கம். பயமே உடம்பை வருத்தும் என்பதால்தான், இல்லாத ஆபத்தை ஊதிப் பெருக்கிக் காட்டுவதை நான் சாதாரணக் குற்றமாக நினைப்பதில்லை. இன்றிரவு 12.30-இலிருந்து 3.30 வரை காஸ்மிக் கதிர் பூமிக்கு அருகில் வருகிறது, செல்போனை அணைத்துவிடுங்கள் என்ற வாட்ஸ்அப் செய்தியை அம்மாவுக்கு அனுப்புகிறவர் அன்பினால்தான் அனுப்புகிறார். அம்மாவின் தூக்கம் கெடுவதும் உண்மை.

பயம் இருக்கும் இடத்தில் வியாபாரம் வரும். செல்போனின் பின்னால் ஒட்டும் கதிர்வீச்சுத் தடுப்புச் சில்லு, கழுத்தில் போடும் பதக்கம் எல்லாம் கிடைக்கின்றன. 2020 அக்டோபரில் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக் என்ற அரசு அமைப்பு பசுஞ்சாணச் சில்லு ஒன்றை அறிமுகப்படுத்தி, அது செல்போன் கதிர்வீச்சைக் குறைக்கும் என்றது. ஆதாரம் எங்கே என்று நூற்றுக்கணக்கான இந்திய விஞ்ஞானிகள் கேட்டார்கள். இவற்றில் ஏதாவது ஒன்று உண்மையாகவே ஆன்டெனாவை மறைத்தால், செல்போன் சிக்னலுக்காக இன்னும் அதிக வலிமையில் ஒலிபரப்பும். நெதர்லாந்தில் இன்னும் மோசம். 2021 டிசம்பரில் அந்நாட்டு அணு பாதுகாப்பு அமைப்பு, 5ஜியிலிருந்து காப்பதாக விற்ற பதக்கங்களையும் வளையல்களையும் சோதித்தது. பத்துப் பொருள்களில் கதிரியக்கம் இருந்தது, டி.என்.ஏ.வை உண்மையிலேயே தாக்கும் ரகம். அவற்றில் குழந்தைகளுக்கான வளையலும் ஒன்று. உடனே கழற்றி மூடி வையுங்கள் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

5ஜி பற்றி ஒரு வரி. இந்தியாவில் 2022 அக்டோபர் 1-இல் அது தொடங்கியபோது புதுவகைக் கதிர் வருவதாகப் பேச்சு எழுந்தது. இங்கே பெரும்பாலும் புழங்கும் 3.5 கிகாஹெர்ட்ஸ், 4ஜி அலைக்கு அண்டை வீடு. அதிர்வெண் கூடக் கூட அலை உடம்பில் ஊடுருவும் ஆழம் குறையும். 26 கிகாஹெர்ட்ஸ் தோலின் முதல் மில்லிமீட்டரிலேயே நின்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் தலைக்குப் போகும் அளவைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் குறைத்துக்கொள்ளலாம், செலவில்லாத வேலைதான். தூரத்தின் கணக்கே வழிகாட்டி. நீண்ட பேச்சுக்கு இயர்போனோ ஸ்பீக்கரோ போதும். ஒரு சாண் விலகினாலே பெரும்பங்கு குறைந்துவிடும். லிஃப்ட், அடித்தள வண்டி நிறுத்தம், ஓடும் ரயில், ஒரு கோடு சிக்னல் மட்டும் இருக்கும் மலைப்பாதை ஆகிய இடங்களில் செல்போன் உச்ச வலிமையில் போராடும். அங்கே அவசரமில்லாத பேச்சைத் தள்ளிப்போடலாம். குழந்தைகள் விஷயத்தில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் நியாயம் உண்டு. அவர்கள் மண்டையோடு மெல்லியது, முன்னால் இருக்கும் ஆண்டுகளும் அதிகம். ஆனால் தலையணைக்கு அடியில் செல்போனோடு தூங்கும் பிள்ளையிடமிருந்து அதை வாங்கி வைக்க அலைகளைக் காரணம் காட்டத் தேவையில்லை. படுக்கும் முன் ஒளிரும் திரையைப் பார்த்தவர்களுக்குத் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனதை 2015-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து காட்டியிருக்கிறது. மூடிய தலையணைக்குள் பேட்டரி சூடாவதும் நல்லதில்லை.

செல்போனால் வரும் கேடுகளில் ஐயத்துக்கு இடமில்லாதது சாலையில் இருக்கிறது. 1997-இல் டொரான்டோவில் ரெடெல்மையர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவை வாங்கி, விபத்து நேரத்தோடு ஒப்பிட்டார்கள். பேசும்போது விபத்தின் ஆபத்து நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அது குறையவில்லை. இயர்போன் கதிர்வீச்சைக் குறைக்கும். கவனம் சிதறுவதை அது குறைப்பதில்லை. நம் ஊர்ச் சாலைகளில் ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிக்கொண்டு, காதோடு அழுத்தியபடி பேசிக்கொண்டே பைக் ஓட்டிப் போகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டார் யாராவது இதைப் படித்தால், வண்டி ஓட்டும் நேரத்தில் அவர்களுக்குப் போன் செய்யாதீர்கள். எடுத்துவிட்டால் ஓரங்கட்டிவிட்டுக் கூப்பிடச் சொல்லி உடனே வைத்துவிடுங்கள்.